தசையின் கையிருப்பு

மாடிப்படி ஏறுகிறோம். இருபது படி ஏறியதும் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. மற்றொருவர் பேசிக்கொண்டே ஏறிவிடுகிறார். மூச்சு வாங்குகிறவர் சற்றுப் பருத்த உடலினராய் இருந்துவிட்டால், பார்ப்பவர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்: "சோம்பல், உடம்பை அசைப்பதே இல்லை, அதனால்தான் இப்படி." விளையாட்டு மைதானங்களிலும் மாணவர் விடுதிகளிலும் இத்தகைய தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்படுகிறது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். தீர்ப்புக்கு ஆளானவர் மறுநாள் மைதானத்தின் பக்கம் வருவதில்லை. சாட்சி விசாரிக்காமல் சொல்லப்படும் தீர்ப்பு இது. முறையாக விசாரிப்பதென்றால் யாரைக் கேட்க வேண்டும்? அவருடைய தசையைத்தான் கேட்க வேண்டும். கத்தியும் ஊசியும் இன்றித் தசையைக் கேட்டறியும் முறைகள் இன்று உள்ளன. மாணவ நண்பர்களுக்கு அவற்றைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தசையின் வரவு செலவைப் பார்ப்போம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பலவற்றை உண்கிறோம். ஆயினும் இவற்றை நேராக ஏற்றுக்கொண்டு தசை சுருங்குவதில்லை. அது வாங்கிக்கொள்ளும் நாணயம் ஒன்றே ஒன்றுதான். அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.டி.பி. என்பார்கள். மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகக் கோத்த இம்மூலக்கூற்றிலிருந்து கடைசிப் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் சக்தியே தசையைச் சுருக்குகிறது. வியப்பு என்னவெனில், இந்த நாணயத்தைத் தசை பெரும் பொருளாகச் சேர்த்து வைப்பதில்லை. தசையிலுள்ள நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிமோல்தான் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடுகிறவனுக்கு அது சில விநாடிகளுக்கே காணும். அப்படியிருந்தும், உழைத்துக்கொண்டிருக்கும் தசையை ஆராய்ந்தால் ஏ.டி.பி.யின் அளவு பெரும்பாலும் குறையாமலே இருக்கக் காண்கிறோம்! செலவான கணத்திலேயே அது ஈடு செய்யப்பட்டுவிடுகிறது. ஈடு செய்வது கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் கையிருப்பு. அது ஏ.டி.பி.யைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தசையில் உண்டு. தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து, செலவான நாணயத்தை அது மீண்டும் முழு நாணயமாக்கிவிடுகிறது.

கையிருப்பும் தீர்ந்துபோகும் பொருளே. அதை நிரப்புகிறவை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள். தசையின் உயிரணுக்களுக்குள் இருந்துகொண்டு, பிராணவாயுவின் துணையால் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, ஏ.டி.பி.யை ஓயாமல் ஆக்கித் தருவது அவற்றின் தொழில். ஏற்றம் இறைத்துத் தொட்டியை நிரப்பும் ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நீர்தான் கிரியேட்டின் பாஸ்பேட், இறைப்பவரே மைட்டோகாண்ட்ரியா. மடையைத் திறந்துவிட்டு, தொட்டி பாதி வடிந்ததும் மடையை அடைத்துவிடுங்கள். தொட்டி மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், இறைப்பவரின் வலிமை விளங்கிவிடும். கிணற்றடிக்குப் போய் எட்டிப்பார்க்க வேண்டியதே இல்லை. இனி நான் சொல்லப்போகும் முறைகளின் உயிர்நாடி இதுதான்.

இந்தக் கையிருப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பின்பு அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியைக்கொண்டு அளக்கும் ஒரு முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். தசைச் சாற்றை அம்முறையில் சோதித்தபோது, நீல நிறம் உடனே முழுமையாக எழாமல் தாமதித்து எழுந்தது. வேறொருவராயிருந்தால் மருந்துக் கலவை சரியில்லை என்று கொட்டிவிட்டிருப்பார். இவர்கள் அந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடினார்கள். எளிதில் சிதையும் ஒரு பாஸ்பரஸ் பொருள் மெல்ல மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிப்பதே காரணம் என்று தெரிந்தது. அதுவே கிரியேட்டின் பாஸ்பேட். ஆண்டு 1927. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அப்பொருளைத் தனியே கண்டனர். 1929-இல் ஏ.டி.பி.யும் இவ்வாறே இரண்டு இடங்களில், ஃபிஸ்கே–சுப்பாராவ் கையிலும், ஜெர்மனியில் கார்ல் லோமன் கையிலும், வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் விலங்கின் தசையை அறுத்தெடுத்துச் சாறாக்க வேண்டியிருந்தது. மனிதனிடம் அப்படிச் செய்ய இயலுமா? ஓரளவு இயலும். தோலை மரத்துப்போகச் செய்து, பருமனான ஊசி ஒன்றைத் தொடையில் செலுத்தி, சிறு துணுக்குத் தசையை எடுக்கும் முறையை ஸ்வீடன் நாட்டு பெர்க்ஸ்ட்ரோம் 1962-இல் பரப்பினார். அம்முறையால் நாம் அறிந்துகொண்டவை ஏராளம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது ஒரு கணத்தின் நிழற்படம் மட்டுமே. தொட்டி நிரம்பும் வேகத்தைப் பார்க்க ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊசி குத்த முடியாது. பருத்த உடலினரிடமோ, ஊசி முதலில் தடித்த கொழுப்புப் படலத்தைக் கடந்தாக வேண்டும்.

இவ்விடத்தில் பௌதிகம் துணைக்கு வந்தது. 1946-இல் ஃபீலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் என்னும் இருவர் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். சில அணுக்கருக்களை வலிமை மிக்க காந்தத்தினிடையே வைத்து, அவற்றுக்கு உரிய ரேடியோ அலையைச் செலுத்தினால், அவை அந்த அலையை ஏற்று, மீண்டும் அதே அலையை வெளியிடுகின்றன. இதற்காக 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுவதும் இவ்வியல்புடைய ஒரே வகை அணுக்கருவால் ஆனது என்பது நம்முடைய நல்வினை. வானொலி நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒவ்வோர் அணுக்கருவும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் பாஸ்பரஸின் நிலையம் ஏறக்குறைய 25.8 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. நம் பெட்டிகளில் சிற்றலை வரிசை என்று குறித்திருக்கும் எல்லைக்குள்ளேயே இது அடங்கிவிடும்! வெளியுலக ஒலிபரப்புகள் குறுக்கே புகுந்துவிடாதபடி காந்தம் இருக்கும் அறையைச் சுற்றிலும் உலோகத் தகடு பொதிந்திருப்பார்கள்.

எல்லாப் பாஸ்பரஸும் ஒரே இடத்தில் பேசினால் நமக்குப் பயனில்லை. ஏ.டி.பி.யில் உள்ள பாஸ்பரஸ், கிரியேட்டின் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ், எதனோடும் சேராத பாஸ்பேட் ஆகியவை, தத்தம் அண்டையிலுள்ள அணுக்களின் தன்மைக்கேற்ப, மயிரிழை வேறுபாட்டுடன் பேசுகின்றன. ஆகவே முள்ளை நுட்பமாகத் திருப்பினால் ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்கலாம். தனிப் பாஸ்பேட் நிற்கும் இடமோ தசையின் அமிலத் தன்மைக்கேற்பச் சற்றே நகர்கிறது. அந்த நகர்வைக்கொண்டு உயிரணுவினுள் அமிலம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுவிடலாம். இந்த உண்மையை 1973-இல் மூன், ரிச்சர்ட்ஸ் என்பவர்கள் ரத்த அணுக்களில் காட்டினர். மறு ஆண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்ட், கேடியன், ராடா முதலியோர், எலியின் காலிலிருந்து எடுத்த தசையை நசுக்காமல் கரைக்காமல் முழுதாகக் காந்தத்தினுள் வைத்து, அதன் ஏ.டி.பி.யையும் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் கண்டனர். 1981-இல் இம்முறை ஒரு நோயாளிக்கு உதவிற்று. தசையிலுள்ள கிளைக்கோஜனை உடைக்க இயலாத மெக்கார்டில் நோய் என்று ஐயுறப்பட்டவர் அவர். மற்றவர்களுக்கு உடற்பயிற்சியின்போது தசையில் அமிலம் ஏறும், அவருக்கு ஏறவில்லை. ஒரு துளி ரத்தமும் சிந்தாமல் நோய் உறுதிப்பட்டது.

இன்று சோதனை நடக்கும் விதம் இது. சோதனைக்கு வந்தவர் மல்லாந்து படுக்கிறார். கெண்டைக்காலின் அடியில் ஒரு கம்பிச் சுருள் வைக்கப்படுகிறது. பாதத்தால் ஒரு மிதியை அழுத்தி அழுத்தி விடவேண்டும். கிரியேட்டின் பாஸ்பேட் இறங்குவது திரையில் தெரிகிறது. தனிப் பாஸ்பேட் ஏறுகிறது. போதிய அளவு இறங்கியதும் "நிறுத்துங்கள்" என்கிறார்கள். மடை அடைபடுகிறது, தொட்டி நிரம்பத் தொடங்குகிறது. நல்ல உடல்நலமுள்ள இளைஞரிடம் அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடத்துக்குள் இழப்பில் ஏறக்குறைய 63 சதவீதம் மீண்டுவிடுகிறது. இந்தக் காலத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது நீளுமானால் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைவு. அல்லது பிராணவாயு வந்துசேர்வதில் குறை. இதில் பிராணவாயுவுக்குள்ள பங்கை ஓர் எளிய சோதனையால் காட்டலாம். மிதித்து முடித்த கணத்தில் தொடையில் காற்றுப் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால், கையிருப்பு மீள்வதே இல்லை. பட்டையை அவிழ்த்ததும் மீளத் தொடங்குகிறது. எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கடுமையாக மிதிக்கச் சொல்லித் தசையில் அமிலம் மிகுந்துவிட்டால், அந்த அமிலமே மீட்சியைத் தாமதப்படுத்தும். அப்போது நாம் அளப்பது இறைப்பவரின் வலிமையை அன்று.

பருத்த உடலினரிடம் இதைச் செய்யும்போதுதான் தொல்லைகள் தொடங்குகின்றன. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தசையைப் பற்றிய தவறான தீர்ப்பு, மைதானத்தில் மட்டுமன்றி ஆய்வுக்கூடத்திலும் பிறக்கக்கூடும் என்பதற்கு இவை சான்று.

முதலில் ஒரு நற்செய்தி. தோலுக்கடியில் திரண்டிருக்கும் கொழுப்பில் பாஸ்பேட் மிகமிகக் குறைவு. ஆகவே பாஸ்பரஸ் அலைவரிசையில் கொழுப்பு ஏறக்குறைய ஊமை. ஹைட்ரஜனின் வரிசையில் கேட்டால் கொழுப்பின் கூச்சலே மற்றவற்றை அமுக்கிவிடும். இங்கே அத்தொல்லை இல்லை. ஆனால் கொழுப்புப் படலம் தசையைச் சுருளிலிருந்து தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. சிறு சுருள், ஏறக்குறையத் தன் ஆரத்தின் அளவு ஆழம் வரையில்தான் நன்றாகக் கேட்கும். இரண்டு செ.மீ. கொழுப்பு இடையில் இருந்தால் மெலிந்தவரிடம் கேட்ட குரலில் ஒரு பகுதியே கேட்கும். பெரிய சுருளை வைக்கலாமே என்றால், பெரிய சுருள் இரைச்சலையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். பலமுறை கேட்டுச் சராசரி எடுக்கலாமே என்றால், அதற்கொரு கறாரான விதி உண்டு: தெளிவு இரு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் கேட்க வேண்டும். ஓய்வில் இருக்கும் தசைக்கு அது சரி. அரை நிமிடத்தில் ஏறக்குறையப் பாதிக் கதை முடிந்துவிடும் மீட்சிக்கு நான்கு மடங்கு நேரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி அவற்றைக் கூட்டிக்கொள்வதுண்டு. சோதனைக்கு வந்தவரின் பொறுமையே அதன் எல்லை.

காந்தத்தின் வலிமையைக் கூட்டுவது மற்றொரு வழி. 7 டெஸ்லாக் காந்தங்கள் வந்துவிட்டன. அவற்றில் குரல் நன்கு ஓங்கி ஒலிக்கிறது. ஆனால் அவற்றின் துவாரம் பெரும்பாலும் 60 செ.மீ. அகலமே உடையது, வலிமை குறைந்த காந்தங்களிலோ 70 செ.மீ. கூடக் கிடைக்கிறது. யாருக்கு வலிய காந்தம் மிகுதியும் தேவையோ, அவருக்கே அதன் வாயில் குறுகலாய் இருக்கிறது! கால் முன்னாகப் போனால் உடலின் பெரும்பகுதி வெளியே இருக்கும் என்பதால், தொடையை விட்டுக் கெண்டைக்காலைத் தேர்ந்துகொள்வது நடைமுறை. அதிலும் ஒரு சிக்கல். பருத்தவரின் கெண்டைக்கால் நாள் முழுதும் பெரும் பாரத்தைச் சுமந்து பழகியது. மொத்த வலிமையில் அது மெலிந்தவரின் காலைவிடப் பெரும்பாலும் மேலானது. உடல் எடையோடு ஒப்பிட்டால்தான் குறைவாகத் தோன்றும். ஆதலால் எல்லாருக்கும் ஒரே எடையை மிதியில் கட்டுவது நியாயமன்று. அவரவருடைய முழு வலிமையை முதலில் அளந்து, அதில் ஒரு பங்கைச் சுமையாக வைக்க வேண்டும்.

காந்தம் இல்லாத ஊர்களுக்கு ஒளி இருக்கிறது. இருட்டில் கைவிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் விரல்கள் சிவந்து ஒளிர்வதைப் பிள்ளைப் பருவத்தில் பார்த்து மகிழாதவர் உண்டோ? சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பும் சதையை ஊடுருவுகின்றன. பிராணவாயுவைச் சுமந்த ஹீமோகுளோபினும் அதை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் அவ்வொளியை வெவ்வேறு விதமாக விழுங்குகின்றன. ஆதலால் தோலின்மேல் ஒரு சிறு விளக்கும், சில செ.மீ. தள்ளி ஒளியை உணரும் கருவியும் வைத்தால், தசையின் ரத்தத்தில் பிராணவாயு குறைவதையும் கூடுவதையும் தொடர்ந்து காணலாம். அமெரிக்காவில் இத்துறையை வளர்த்தவர்களுள் பிரிட்டன் சான்ஸ் ஒருவர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவரும் அவரே! படிப்பா, விளையாட்டா என்று கேட்டு மாணவர்களைக் கலங்கச் செய்யும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம்.

ஒளி முறையிலும் கொழுப்பு குறுக்கே நிற்கிறது. விளக்குக்கும் கருவிக்கும் இடைவெளி 3 செ.மீ. என்றால், ஒளி சென்று திரும்பும் ஆழம் ஏறக்குறைய அதில் பாதி. கொழுப்பே அவ்வளவு தடிமனாக இருந்துவிட்டால், நாம் பார்ப்பது பெரும்பாலும் கொழுப்பையே. கொழுப்பில் பிராணவாயுச் செலவு மிகக் குறைவு. ஆகவே கருவியின் முள் மிகச் சிறிதே அசையும். இதை அறியாதவர், "பருத்தவரின் தசை பிராணவாயுவைப் பயன்படுத்துவதே இல்லை" என்று எழுதிவிடுவார்! படிக்கட்டில் சொல்லப்பட்ட அதே தீர்ப்பு, இங்கே எண்களின் உடுப்பு அணிந்து வந்து நிற்கிறது. எனவே கொழுப்பின் தடிமனை முன்கூட்டியே அளந்துகொள்வது கட்டாயம். ரத்த ஓட்டத்தைப் பட்டையால் நிறுத்திப் பிராணவாயு இறங்கும் கடைசி மட்டத்தைச் சுழி என்றும், அவிழ்த்ததும் பொங்கி ஏறும் உச்சத்தை நூறு என்றும் வைத்து, அவரவர்க்கு அவரவரையே அளவுகோலாக்குவதும் வழக்கம். பருத்த காலுக்கு அகன்ற பட்டையும் மிகுந்த அழுத்தமும் வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. காந்தமானாலும் ஒளியானாலும், எவ்வளவு என்று கேளாமல் எவ்வளவு வேகமாய் என்று கேட்பதே அது. குரல் பாதியாகத் தேய்ந்து கேட்டாலும் பாட்டின் தாளம் மாறுவதில்லை அன்றோ? கொழுப்பால் குறைவது அளவுதான். மீட்சியின் காலம் குறைவதில்லை.

சரி, தசை என்ன சொல்லிற்று? 2004-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார், நீரிழிவுள்ள பெற்றோருக்குப் பிறந்த, ஆனால் மெலிந்த, நலமுள்ள இளைஞர்களைச் சோதித்தனர். இன்சுலினுக்கு இணங்காத தசையை உடையவர்கள் அவர்கள். மற்ற இளைஞரோடு ஒப்பிட, அவர்களுடைய தசை உயிரணுக்களுக்குள் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம் மிகுந்தும், மைட்டோகாண்ட்ரியாவின் ஏ.டி.பி. ஆக்கம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தும் இருந்தன. இவர்களுள் ஒருவரும் பருத்தவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். 2001-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு எதிர்த்திசையில் சுவையானது. நீண்ட தூரப் பயிற்சி பெற்ற வீரர்களின் தசையினுள்ளும் கொழுப்பு மிகுதி. ஆயினும் அவர்களுடைய தசை இன்சுலினுக்கு மிக நன்றாக இணங்குகிறது. ஆகவே தசையில் கொழுப்பு இருக்கிறது என்பது மட்டும் குற்றமாகாது. அதை எரிக்க அடுப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

பருத்தவர்களை மெலிந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மீட்சி மெதுவாக நடக்கிறது என்றவர்களும் உண்டு. வேறுபாடே இல்லை என்றவர்களும் உண்டு. ஓடியாடும் பருத்தவர்கள் இருக்கிறார்கள். நாற்காலியை விட்டு எழாத மெலிந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் விடை குழம்பத்தானே செய்யும்?

நம் நாட்டாருக்கு இதில் தனிக் கவலை உண்டு. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து தங்கள் உருவப்படத்தையே 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம்! அப்படியானால் இந்தியரின் மைட்டோகாண்ட்ரியாதான் பலவீனமோ என்று கேட்கத் தோன்றும். 2008-இல் ஸ்ரீகுமாரன் நாயரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களை அங்குள்ள ஐரோப்பிய வமிசத்தாரோடு ஒப்பிட்டனர். இந்தியரின் தசை இன்சுலினுக்கு இணங்குவதில் பின்தங்கி நின்றது. ஆனால் அதன் மைட்டோகாண்ட்ரியாவின் திறனோ மேலோங்கி நின்றது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விடை இது. ஒன்று குறைந்தால் மற்றது குறைந்தே தீரும் என்ற எளிய கதை அங்கே முறிந்துவிட்டது.

அதே 2008-ஆம் ஆண்டில் டொலீடோ என்பவரும் அவரைச் சார்ந்தவர்களும் வேறொரு கேள்வி கேட்டனர். உடல் பருத்து, பயிற்சி இன்றி இருந்தவர்களில் ஒரு சாராருக்கு உணவைக் குறைத்தனர். மற்றொரு சாராருக்கு உணவையும் குறைத்து உடற்பயிற்சியும் கொடுத்தனர். எடை இருசாராருக்கும் இறங்கிற்று. இன்சுலினுக்கு இணங்குவதும் இருசாராரிடமும் சீர்ப்பட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் திறன் உயர்ந்தது பயிற்சி செய்தவர்களிடம் மட்டுமே. எடை பார்க்கும் தராசு இந்த வேறுபாட்டைக் காட்டவில்லை, தசைதான் காட்டிற்று. அவ்வாய்வுக்கு ஊசியால் தசைத் துணுக்கு எடுக்க வேண்டியிருந்தது. காந்தமோ ஒளியோ கைவசம் இருந்தால், அதே மனிதரிடம் அதே கேள்வியை மாதந்தோறும் கேட்கலாம். சில நிமிடம் மிதிக்கச் சொல்லி, சில நிமிடம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னால் போதும்.